சிவக்காத கண்ணிலும் அழற்சி இருக்கலாம்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துக் குடும்பங்கள் பலவும் குழந்தையின் மூட்டுவாதத்துக்குக் கோயம்புத்தூருக்கும், கண்ணுக்குப் பாலக்காட்டுக்கும் போகின்றன. மூட்டு வைத்தியம் ஒழுங்காக நடக்கிறது. கண் பரிசோதனைதான் தள்ளிப்போகிறது. கண் சிவக்கவில்லை, வலிக்கவில்லை, பிள்ளை நன்றாகப் பார்க்கிறது, பிறகு எதற்கு என்பதே பெற்றோரின் எண்ணம்.

16 வயதுக்குள் தொடங்கி 6 வாரமாவது நீடிக்கும் இந்த மூட்டுவாதத்தில், உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்கள் சொந்தத் திசுக்களையே தாக்குகின்றன. மூட்டைப் போலவே கண்ணின் ஐரிஸ் (கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையம்) பகுதியிலும் அழற்சி உண்டாகும், இதுவே யுவியைட்டிஸ். வெயில் கீற்றில் தூசி மிதப்பதைப் போல, கண்ணின் முன்னறைத் திரவத்தில் வெள்ளணுக்கள் மிதப்பது கண் மருத்துவர் உருப்பெருக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவியில்தான் தெரியும். வீட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியாது. கவனியாமல் விட்டால் ஐரிஸ் லென்ஸோடு ஒட்டிக்கொள்ளும். கண்புரை, கண் நீர் அழுத்தம், கருவிழியில் சுண்ணாம்புப் படிவு ஆகியவை வந்து, பார்வையே போய்விடக்கூடும்.

நான் மிகவும் கவலைப்படுவது, ஒரு முழங்கால் மட்டும் வீங்கி, காலையில் சற்று நொண்டி, மருந்தில் விரைவாகத் தேறிவிடும் குழந்தையைப் பற்றித்தான். நான்கு மூட்டுகளுக்கு மேல் பரவாத வகை, 7 வயதுக்குள் தொடக்கம், இரத்தத்தில் ஏ.என்.ஏ. (சொந்த அணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடி) பாசிட்டிவ், இவை மூன்றும் சேர்ந்த குழந்தைக்கே கண் ஆபத்து மிக அதிகம். நோய் தொடங்கிய முதல் 4 ஆண்டுகளில் 3 மாதத்துக்கு ஒருமுறை கண்ணைப் பார்த்தாக வேண்டும். மூட்டு அடங்கியிருக்கும்போதும் கண்ணில் அழற்சி ஓடிக்கொண்டிருக்கலாம். மற்ற வகைகளில் பெரும்பாலும் 6 முதல் 12 மாத இடைவெளி போதும். சற்றுப் பெரிய பையன்களிடம் எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணுக் கூறு சார்ந்த வகையில் மட்டும் கண் திடீரெனச் சிவந்து வலிக்கும். அப்போது அன்றே வர வேண்டும்.

ஸ்டீராய்டு சொட்டு மருந்தே முதல் சிகிச்சை. அதை நீண்ட நாள் போட்டால் அதுவே புரையையும் கண் அழுத்தத்தையும் வரவழைக்கும் என்பதால், தேவைப்படும் குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்பின் வேகத்தைத் தணிக்கும் மருந்துகளான, வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட்டும், அது போதாதபோது அடாலிமுமாப் ஊசியும் தருகிறோம். ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். கண் தெளிந்துவிட்டதென்று சொட்டு மருந்தைத் தாமாக நிறுத்த வேண்டாம். மருந்தை மருத்துவர் குறைக்கும் காலத்தில்தான் அழற்சி திரும்பும் வாய்ப்பு உண்டு. எனவே ஒவ்வொரு குறைப்புக்குப் பின்னும் ஒரு மாதத்துக்குள் கண்ணைக் காட்டுங்கள். இரண்டு ஊர் மருத்துவர்களும் ஒரே நோட்டில் எழுதும்படி கேளுங்கள். அடுத்த கண் பரிசோதனைத் தேதி அதில் இல்லாவிட்டால், தயங்காமல் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.