இரத்தத்தில் பாராசிட்டமால் எவ்வளவு? மின்முனை சொல்லும் கணக்கு

காய்ச்சல் சிரப் பாட்டிலைக் குழந்தை எடுத்துக் குடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் நாளில் பெரிதாக ஒன்றும் தெரியாது. கொஞ்சம் வாந்தி வரலாம், சில சமயம் அதுவும் இருக்காது. ஆனால் பாராசிட்டமால் அளவு மீறியிருந்தால், வெளியே ஒன்றும் தெரியாத அந்த நேரத்திலேயே கல்லீரல் செல்கள் சேதமாகத் தொடங்கியிருக்கும். அறிகுறிகளை நம்ப முடியாத இந்த நிலையில், மருத்துவருக்கு ஓர் எண் வேண்டும்: இரத்தத்தில் மருந்து இப்போது எவ்வளவு இருக்கிறது?

அந்த எண்ணை வைத்து முடிவெடுக்க, 1975-இல் ருமாக், மாத்யூ என்ற இருவர் வெளியிட்ட வரைபடம்தான் இன்றும் அடிப்படை. மருந்து உள்ளே போய் 4 மணிநேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும். அப்போது லிட்டருக்கு 150 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால் அமெரிக்காவில் சிகிச்சை தொடங்குவார்கள். பிரிட்டனில் 100-ஐத் தாண்டினாலே தொடங்குவார்கள். விஷமுறிவு மருந்தான அசிட்டைல்சிஸ்டீன், 8 மணிநேரத்துக்குள் கொடுத்தால்தான் மிக நன்றாக வேலை செய்யும். ஆக, இரத்தம் எடுத்து, சோதித்து, முடிவெடுக்கக் கிடைப்பது 4 மணிநேரம். பெரிய மருத்துவமனைக்கு இது போதும். மாதிரியை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டிய இடத்தில் போதாது. அங்கே முடிவுக்குக் காத்திராமல் முறிவு மருந்தைத் தொடங்கிவிடுவார்கள், அதுதான் சரியும்கூட. ஆனால் விரலில் எடுத்த ஒரு துளி இரத்தத்தை வைத்துப் படுக்கை அருகிலேயே அந்த எண்ணைப் பார்க்க முடிந்தால்? வேதிவினையை மின்சாரமாக அளக்கும் மின்வேதி உணரிகளை உருவாக்குபவர்கள் துரத்துவது இதைத்தான்.

சர்க்கரை அளக்கும் குளுக்கோமீட்டர் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அதில் ஒரு நொதி குளுக்கோஸைப் பிடித்து, அதன் எலக்ட்ரான்களை மின்முனைக்குக் கைமாற்றிவிடும். பாராசிட்டமாலுக்கு நொதியே தேவையில்லை, அது தானாகவே எலக்ட்ரான்களைக் கொடுத்துவிடும் மூலக்கூறு. பிளாஸ்டிக் பட்டையில் கார்பன் மை கொண்டு அச்சடித்த ஒரு மின்முனை, பக்கத்தில் மின்னழுத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனை, மின்சுற்றை முழுமையாக்க மூன்றாவதாக ஒன்று. கார்பன் மின்முனையின் மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், ஏறக்குறைய அரை வோல்ட் அருகே பாராசிட்டமால் மூலக்கூறு ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான்களையும் இரண்டு புரோட்டான்களையும் இழக்கும். மின்னோட்டம் ஒரு முகடாக எழும்பும். முகடு எவ்வளவு உயரமோ, அவ்வளவு மருந்து.

இந்த வினையில் உருவாகும் பொருள்தான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் வியப்பைத் தந்தது. மருத்துவர்கள் நாப்கி என்று சுருக்கிச் சொல்லும் ஒரு குயினோன் இமைன் அது. கல்லீரலில் நொதிகள் பாராசிட்டமாலின் ஒரு சிறு பகுதியை ஆக்ஸிஜனேற்றம் செய்யும்போது உண்டாகும் நச்சும் அதே நாப்கிதான்! வழக்கமான அளவில் மாத்திரை போட்டால், கல்லீரலில் இருக்கும் குளுட்டதயோன் அதை உடனுக்குடன் பிடித்துச் செயலிழக்கச் செய்துவிடும். அளவு மீறும்போது குளுட்டதயோன் தீர்ந்துபோய், நாப்கி செல்லின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. முறிவு மருந்து செய்வது, குளுட்டதயோன் கையிருப்பை மறுபடி நிரப்புவது. உடலுக்குள் ஆளைக் கொல்லக்கூடிய அதே வேதிவினை, ஒரு பட்டையின் மேல் சில நொடிகள் நடந்து ஆளைக் காப்பாற்ற உதவுகிறது.

எவ்வளவு மின்சாரம் கிடைக்கும்? லிட்டருக்கு 100 மி.கி. இருக்கும் இரத்தத்தில் 10 மைக்ரோலிட்டர் எடுத்தால் அதில் இருப்பது 1 மைக்ரோகிராம் மருந்து. அது முழுவதும் எலக்ட்ரான்களைக் கொடுத்தால் சுமார் 1.3 மில்லிகூலும் மின்னூட்டம். உண்மையில் மின்முனையைத் தொடும் மூலக்கூறுகள் மட்டுமே வினைபுரியும் என்பதால், மைக்ரோஆம்பியர் அளவில்தான் மின்னோட்டம் வரும். இன்றைய மின்னணுவியலுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு சின்னச் சிக்கல் உண்டு: மின்னழுத்தத்தை மாற்றும்போதெல்லாம் மின்முனைப் பரப்பு ஒரு மின்தேக்கியாக நடந்துகொண்டு, மருந்தே இல்லாவிட்டாலும் மின்னோட்டத்தை இழுக்கும். அதனால் மின்னழுத்தத்தைச் சிறு துடிப்புகளாகக் கொடுத்து, ஒவ்வொரு துடிப்பின் கடைசிக் கணத்தில் அளக்கிறார்கள். மின்தேக்கியின் மின்னோட்டம் அதற்குள் அடங்கிவிடும், மருந்தின் மின்னோட்டம் மெதுவாகத்தான் குறையும்.

சரி, இவ்வளவு எளிதென்றால் எல்லா மருத்துவமனையிலும் இந்தப் பட்டை ஏன் இல்லை? காரணம் இரத்தம்.

ஆரோக்கியமானவரின் இரத்தத்திலேயே யூரிக் அமிலம் லிட்டருக்கு 0.2 முதல் 0.4 மில்லிமோல் இருக்கும். 100 மி.கி. பாராசிட்டமால் என்பது 0.66 மில்லிமோல்தான். அதாவது நாம் தேடும் பொருளும் குறுக்கிடும் பொருளும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கின்றன. யூரிக் அமிலமும், கூடவே வைட்டமின் சி-யும், வெறும் கார்பன் பரப்பில் பாராசிட்டமாலுக்குப் பக்கத்து மின்னழுத்தங்களிலேயே எலக்ட்ரான்களை விடும். முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பிவிடும். இதற்கு ஓர் அழகான தீர்வு இருக்கிறது. இரத்தத்தின் பி.எச். 7.4-இல் யூரிக் அமிலமும் வைட்டமின் சி-யும் எதிர்மின்னூட்டம் பெற்றிருக்கும். பாராசிட்டமால் மின்னூட்டமில்லாமல் இருக்கும். மின்முனை மேல் நாஃபியான் போன்ற எதிர்மின்னூட்டப் பலபடியை மெல்லிய படலமாகப் பூசினால், முதல் இரண்டும் விலக்கப்படும், மருந்து மட்டும் உள்ளே நுழையும்.

புரதங்கள் இன்னும் பிடிவாதமானவை. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில், ஆல்புமின் என்ற புரதம் மட்டுமே லிட்டருக்கு 35 முதல் 50 கிராம். பால் காய்ச்சிய பாத்திரம் அடிப்பிடிப்பதுபோல அது மின்முனையில் படிந்து, எலக்ட்ரான்கள் கைமாறும் பரப்பை மூடிவிடும். இரத்தச் சிவப்பணுக்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதைப் பொறுத்து மருந்து மின்முனைக்கு வந்து சேரும் வேகமும் மாறும். இரத்தசோகை உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே மருந்தளவு இரண்டு எண்களைக் காட்டலாம்.

ஆய்விதழ்களில் இந்த உணரிகளைப் பற்றி வரும் கட்டுரைகள் ஏராளம். கிராஃபீன், கார்பன் நானோகுழாய், தங்க நானோதுகள் என்று புதுப்புதுப் பூச்சுகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறைவான அளவைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும். இந்தப் போட்டி தவறான இடத்தில் நடக்கிறது என்பது என் கருத்து. பாராசிட்டமால் நச்சில் மருத்துவர் கேட்பது 90-க்கும் 150-க்கும் உள்ள வேறுபாட்டை. நானோமோல் அளவு அவருக்கு எதற்கு? பல கட்டுரைகளில் 'உண்மையான மாதிரி' எனப்படுவது, நலமானவரின் சீரத்தை (இரத்தம் உறைந்தபின் மிஞ்சும் தெளிந்த நீரை), பி.எச். மாறாமல் வைத்திருக்கும் தாங்கல் கரைசலில் பல மடங்கு நீர்க்கச் செய்து, அளந்த மருந்தைத் தாங்களே சேர்த்தது. நீர்க்கச் செய்ததும் புரதமும் யூரிக் அமிலமும் குறைந்துவிடும், அதாவது கடினமான பகுதியே காணாமல் போய்விடும். உணரியைச் சோதிக்க வேண்டியது நோயாளியின் முழு இரத்தத்தில், ஆய்வகத்தின் எண்ணோடு பக்கத்தில் வைத்து.

குறுக்கீடு ஏட்டுப் பிரச்சினை அல்ல என்பதற்கு இதே பாராசிட்டமாலே சாட்சி. தோலுக்கடியில் வைத்துச் சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் உணரிகளில் சில, நொதி உண்டாக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைப் பிளாட்டின மின்முனையில் அளக்கின்றன. அந்த மின்னழுத்தத்தில் பாராசிட்டமாலும் எலக்ட்ரான்களைக் கொடுக்கும். காய்ச்சல் மாத்திரை போட்டவருக்குச் சர்க்கரை ஏறிவிட்டதாகப் பொய்யான எண் வரும். அதை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து. அதனால் இத்தகைய உணரிகளின் கையேட்டில் இந்த மருந்தைப் பற்றிய எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லா மருந்தும் இப்படித் தானாக எலக்ட்ரானைக் கொடுத்துவிடாது. மனநோய்க்குத் தரும் லித்தியம் ஓர் அயனி. அதற்கு மின்னோட்டம் இல்லாமல், அயனியைத் தேர்ந்து ஏற்கும் சவ்வில் எழும் மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். லித்தியம் லிட்டருக்கு 0.6 முதல் 1 மில்லிமோல், பக்கத்தில் சோடியம் 140 மில்லிமோல். அந்தக் கூட்டத்தில் லித்தியத்தை அடையாளம் காணும் சவ்வுகள் உருவாகி, ஆய்வகங்களில் பல காலமாகப் பயன்பாட்டில் உள்ளன.

வான்கோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளுக்கு வேறு வழி. குறைந்தால் கிருமி சாகாது, கூடினால் சிறுநீரகம் கெடும், ஆகவே அளவைக் கண்காணிக்க வேண்டிய மருந்து அது. இங்கே தங்க மின்முனையில், அந்த மருந்தை மட்டும் பிடிக்கும்படி தேர்ந்தெடுத்த ஒரு டி.என்.ஏ. இழையைக் கந்தகப் பிணைப்பால் ஒட்டுகிறார்கள். இழையின் மறுமுனையில், எலக்ட்ரானை வாங்கிக் கொடுக்கக்கூடிய மெத்திலீன் நீலம் என்ற சாயம். மருந்து வந்து பிடித்துக்கொண்டதும் இழை வடிவம் மாறும், மெத்திலீன் நீலம் தங்கத்தோடு எலக்ட்ரானைக் கைமாற்றும் வேகமும் மாறும். யூரிக் அமிலமும் வைட்டமின் சி-யும் வாய் திறக்காத மின்னழுத்தத்தில் இது நடப்பது பெரிய வசதி. கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் கெவின் பிளாக்ஸ்கோவின் குழு, விழித்து நடமாடும் எலிகளின் இரத்த நாளத்துக்குள்ளேயே இத்தகைய உணரியை வைத்து மருந்தளவைத் தொடர்ந்து அளந்ததை 2017-இல் வெளியிட்டது.

இரத்தத்தில் மணிக்கணக்கில் கிடந்தால் இந்த உணரியின் மின்னோட்டமும் மெல்லத் தேயும். அதைச் சரிசெய்ய, மின்னழுத்தத் துடிப்புகளை இரண்டு வெவ்வேறு அதிர்வெண்களில் கொடுத்து அளக்கிறார்கள். மருந்து கூடும்போது ஒன்றில் மின்னோட்டம் ஏறும், மற்றதில் இறங்கும். தேய்மானம் மட்டும் இரண்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே கீழே இழுக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் தேய்மானத்தின் பெரும்பகுதி நீங்கி, மருந்தின் அளவு மிஞ்சும்.