பாடும் பூசணிக்காய்க்குக் காது கிடையாது

அக்டோபர் 31, ஹாலோவீன் இரவு. அமெரிக்காவில் சில வீடுகளுக்கு எதிரே கார்கள் வரிசைகட்டி நிற்கும். அந்த வீட்டிலிருந்தே ஒலிபரப்பாகும் பாட்டு காருக்குள் எஃப்எம்மில் ஓடும். வெளியே கூரையும் வேலியும் ஆரஞ்சும் ஊதாவுமாக அதே தாளத்துக்குத் துடிக்கும். நடுவில் நாலு பூசணி முகங்கள் வாயசைத்துப் பாடும். விளக்குகள் பாட்டைக் கேட்டுத்தான் எரிகின்றன என்று தோன்றும்.

அங்கே எதுவும் எதையும் கேட்பதில்லை. மைக் வைத்த டிஸ்கோ விளக்குகள் உண்டுதான். ஆனால் சத்தம் கூடுகிறதா குறைகிறதா என்பதற்கு மேல் அவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. வீட்டில் இதைச் செய்பவர்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவிடுகிறார்கள். எக்ஸ்லைட்ஸ் என்ற இலவச மென்பொருளில் பாட்டின் ஒலியலையை விரித்துவைத்து, தாளம் விழும் இடமெல்லாம் கோடு போட்டு, எந்த நொடியில் எந்தப் பல்பு என்ன நிறம் என்று தீர்மானிக்கிறார்கள். சினிமா மாதிரி இதற்கும் ஃபிரேம் கணக்கு உண்டு. நொடிக்கு 20 அல்லது 40. ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒவ்வொரு பல்புக்கும் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு மூன்று எண்கள். 2,000 பல்பு, மூன்று நிமிடப் பாட்டு, நொடிக்கு 40 ஃபிரேம் என்றால் 4 கோடியே 32 லட்சம் எண்கள். நல்லவேளை, பெரும்பகுதியை மென்பொருளே நிரப்பிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது பூசணியின் வாய். ஒரே முகத்துக்குள் பல வாய்களைப் பல்புகளால் வரைந்து வைத்திருப்பார்கள். பாட்டு வரிகளைத் தட்டச்சு செய்தால், மென்பொருள் சொற்களை ஒலிகளாக உடைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு வாயைப் பொருத்தும். மொத்தம் பத்து வடிவம் போதும். ப, ம இரண்டும் இதழ் ஒட்டிப் பிறப்பவை என்று இலக்கண வகுப்பில் படித்தோமே, அதேதான்: இரண்டுக்கும் ஒரே மூடிய வாய்.

சரி, ஒரே கம்பியில் கோத்த பல்புகளில் தனக்கான எண் எது என்று ஒரு பல்புக்கு எப்படித் தெரிகிறது? பந்தியில் இலைக்கட்டைக் கொடுத்தால், முதல் ஆள் ஒன்றை உருவிக்கொண்டு மிச்சத்தைப் பக்கத்தில் தள்ளுவார் இல்லையா? தனித்தனியாக நிறம் மாறும் இந்த பிக்சல் பல்புகளும் அப்படித்தான். ஒவ்வொன்றிலும் உள்ள சிப், முதலில் வரும் 24 பிட்டை (தன் மூன்று எண்களை) எடுத்துக்கொண்டு மற்றதை அடுத்த பல்புக்கு அனுப்பும். ஒரு பல்புக்கு 30 மைக்ரோ நொடி. 800 பல்புக்கு 24 மில்லி நொடி ஆகிறது. 40 ஃபிரேம் வேகத்தில் ஒரு ஃபிரேமின் ஆயுளே 25 மில்லி நொடிதான். அதனால் எண்களைச் சரங்களுக்கு அனுப்பும் கண்ட்ரோலரில் பல வாய்க்கால்கள் வைத்துப் பல்புகளைப் பங்குபோடுகிறார்கள்.

பிக்சல் பரவுவதற்கு முன் இவ்வளவு வசதி இல்லை. 2004இல் ஓஹாயோ மாநிலத்தின் மேசன் நகரில் ஒரு மின் பொறியாளர் தன் வீட்டில் அமைத்த கிறிஸ்துமஸ் விளக்காட்டம் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அதில் பல்புகள் சுமார் 16,000. தனித்தனியாக ஆட்டுவிக்க முடிந்தது 88 தொகுதிகளை மட்டும்.

மின்சாரத்திலும் ஒரு தொல்லை. சரம் நீளநீளக் கம்பியிலேயே வோல்டேஜ் இறங்கும். நீல எல்இடிக்குச் சிவப்பைவிட அதிக வோல்டேஜ் தேவை என்பதால் முதலில் தளர்வது நீலம்தான். தொடக்கத்தில் வெள்ளையாக இருப்பது வால்முனையில் செம்மஞ்சளாகிவிடும். ஹாலோவீனுக்கு அது பொருத்தம்தான் என்று விட்டுவிடலாம்! ஆனால் நடுநடுவே தனியாக மின்சாரம் கொடுப்பதுதான் முறை.

கடைசியாக, பாட்டும் விளக்கும் பிசகாமல் சேர்ந்து ஓடும் அந்த ஒற்றுமை. ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு குட்டிக் கணினி, பாட்டையும் எண்களையும் ஒரே கடிகாரத்தில் ஓட்டுகிறது. முற்றத்தில் பெரிய ஸ்பீக்கர் வைத்தால் என்ன? 35 மீட்டர் தள்ளி நிற்கும் காருக்குச் சத்தம் போய்ச் சேர 0.1 நொடி, அதாவது நாலு ஃபிரேம் ஆகும். எஃப்எம் அலைக்கு அந்தத் தாமதம் இல்லை, அக்கம்பக்கமும் தூங்கலாம். ப்ளூடூத் ஸ்பீக்கர் இன்னும் மோசம், பக்கத்தில் நின்றாலும் பிந்தும். பூசணி வாயை மூடித் திறந்த பிறகுதான் ‘ம்’ காதில் விழும்.