மின்காப்பு மாறிலி ஏறினால் மட்டும் போதாது

மின்தேக்கிப் பிலிமுக்கான பாலிமரில் பேரியம் டைட்டனேட் நானோ துகள்களைக் கலந்தோம், மின்காப்பு மாறிலி (ஒரே மின்புலத்தில் பொருள் எவ்வளவு ஆற்றலைத் தேக்கும் என்பதைக் காட்டும் எண்) இரட்டிப்பானது, ஆகவே ஆற்றல் சேமிப்பும் இரட்டிப்பானது. இதே வாக்கியம் ஆய்வேடு தவறாமல் வந்துகொண்டே இருக்கிறது. எத்தனை முறைதான் இதைச் சுழித்துத் திருப்பி அனுப்புவது? மாறிலியை மூன்று தசம இடங்கள் வரை அளந்தவர்கள், பிலிம் எத்தனை வோல்ட்டில் முறிகிறது, அதாவது காப்பு உடைந்து மின்சாரம் பாய்கிறது, என்று பார்க்கவே இல்லை.

தேங்கும் ஆற்றல் மாறிலிக்கு நேர் விகிதத்திலும் மின்புலத்தின் இருமடிக்கு நேர் விகிதத்திலும் இருக்கும். மின்தேக்கிகளில் பரவலாகப் பயன்படும் பாலிப்ரொப்பிலீன் பிலிமின் மாறிலி வெறும் 2.2. ஆனால் நல்ல பிலிம் மைக்ரோமீட்டருக்கு 600 வோல்ட் தாங்கும். அப்போது கன சென்டிமீட்டருக்கு 3.5 ஜூல். கலவையால் மாறிலி 4.4 ஆகி, தாங்கும் அளவு 360 வோல்ட்டுக்கு இறங்கினால் 2.5 ஜூல்தான். பாடுபட்டுச் செய்த கலவை வெறும் பிலிமிடம் தோற்றுவிட்டது.

"துகளின் மாறிலி ஆயிரக்கணக்கில் இருக்கிறதே" என்பார்கள். இருக்கட்டும், துகளுக்குள் மின்புலம் நுழைய வேண்டுமே! மாறிலி 2.2 உள்ள பாலிமரில் மாறிலி 1000 உள்ள ஓர் உருண்டையை வையுங்கள். உருண்டைக்குள் இருக்கும் புலம், நாம் கொடுத்ததில் ஒரு விழுக்காடுகூட இல்லை. புலத்தின் திசையில் அதன் இரு முனைகளை ஒட்டிய பாலிமரில் ஏறக்குறைய மூன்று மடங்கு. சேமிக்க வேண்டிய துகள் சும்மா இருக்கிறது. பக்கத்துப் பாலிமர் அடி வாங்குகிறது. கன அளவில் 10 விழுக்காடு உருண்டைத் துகள் சேர்த்தால் கலவையின் மாறிலி சுமார் 2.93. துகளின் மாறிலியை 1000-லிருந்து 10,000 ஆக்கினாலும் அதே 2.93தான். ஆகவே இன்னும் உயர்ந்த மாறிலியுள்ள துகளைத் தேடி அலையாதீர்கள்.

தேட வேண்டியது துகளும் பாலிமரும் சேரும் இடத்தை. துகளை 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் சுமார் 105 டிகிரியில் நான்கு மணி நேரம் கொதிக்கவிட்டால் மேற்பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் கூடும்; சிலேன் (துகளையும் பாலிமரையும் இணைக்கும் சிலிக்கான் சேர்மம்) அவற்றைப் பற்றிக்கொள்ளும். பேரியம் டைட்டனேட்டுக்கு பாஸ்போனிக் அமிலம் இன்னும் உறுதியாக ஒட்டும். ஒட்டாமல் மிஞ்சியதைக் கழுவி எடுத்துவிடுங்கள். அது பிலிமில் தங்கினால் கசிவு மின்னோட்டம் ஏறும். துகளை வெற்றிட அடுப்பில் உலர்த்தாமல் கலக்கவே கலக்காதீர்கள். துகள்களைப் பிரித்துப் பரப்ப மீயொலியை விட்டுவிட்டுக் கொடுங்கள், பாத்திரம் பனிக்கட்டி நீரில் இருக்கட்டும். கலவையை வார்க்கும் முன் குமிழிகளை வெற்றிடத்தில் வெளியேற்றுங்கள். கரைப்பானாகப் பயன்படும் டைமெத்தில் ஃபார்மமைடின் கொதிநிலை 153 டிகிரி. பிலிம் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும்போதும் உள்ளே அது நிற்கும்.

எடை விழுக்காட்டையும் கன அளவு விழுக்காட்டையும் தயவுசெய்து குழப்பாதீர்கள். பாலிவினைலிடீன் ஃபுளூரைடு என்ற ஃபுளூரின் பாலிமரில் எடையில் 27 விழுக்காடு பேரியம் டைட்டனேட் என்பது கன அளவில் 10தான்.

தாங்குதிறனைக் கூட்டத்தான் வேண்டுமென்றால் போரான் நைட்ரைடு நானோ தகடுகளைப் பாருங்கள். மாறிலி குறைவுதான். ஆனால் நல்ல மின்காப்பி, வெப்பத்தையும் கடத்தும்; பிலிமுக்கு இணையாகப் படுத்திருந்தால் முறிவுப் பாதையைச் சுற்றிப்போக வைக்கும். இந்தத் தகடுகள் உள்ள அடுக்குகளை வெளியிலும், மாறிலி கூடிய அடுக்கை நடுவிலும் வைப்பது நல்ல வழி.

அளவீட்டில் செய்யும் ஏமாற்று வேலை இன்னொன்று: ஐந்து சாம்பிள் முறித்து, அதில் உயர்ந்ததை எழுதுவது. குறைந்தது பதினைந்து வேண்டும்; வைபுல் வரைபடத்தில் (முறிவு எண்களின் பரவலைக் காட்டும் புள்ளியியல் வரைபடம்) 63.2 விழுக்காடு சாம்பிள்கள் முறியும் புலத்தையும், சிதறலைக் காட்டும் வடிவ எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். மின்முனையின் பரப்பும் பிலிமின் தடிமனும் இல்லாத முறிவு எண்ணுக்கு மதிப்பில்லை. சின்ன மின்முனைக்கு அடியில் குறைகள் குறைவு, எண் அழகாகத்தான் வரும். ஓரத்தில் பொறி தாவினால் அது பிலிமின் முறிவு ஆகாது, சிலிகான் எண்ணெயில் அமிழ்த்திச் சோதியுங்கள்.

ஏற்றிய ஆற்றலை எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். இறக்கும்போது எவ்வளவு திரும்பி வந்தது? ஃபுளூரின் பாலிமர்களில் தயக்கக் கண்ணி (ஏற்றும் கோடும் இறக்கும் கோடும் சேர்ந்து வரையும் வளையம்) அகலமானால் வராத பங்கு முழுதும் பிலிமுக்குள் சூடாகிறது. சூட்டில் கடத்தல் கூடும், கடத்தினால் மேலும் சூடு. அறை வெப்பநிலையில் மட்டும் சோதித்த பொருளை மின்தேக்கிக்கு ஏற்றது என்று சொல்லாதீர்கள். பாலிப்ரொப்பிலீனுக்கே 85 டிகிரிக்கு மேல் மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் ஓட்டுகிறோம்; புதிய கலவையை 100-லும் 120-லும் ஓட்டிப் பாருங்கள்.

சோதனை முடிந்ததும் மின்முனைகளில் உள்ள மின்னேற்றத்தை மின்தடை வழியே இறக்கி, இரு முனைகளையும் கம்பியால் நேராக இணைத்தபடியே விட்டுவையுங்கள். ஒருமுறை இறக்கிய மின்தேக்கியிலும் மின்னழுத்தம் மெல்லத் திரும்பி எழும். கையை அதன் பிறகு வையுங்கள்.