டிஸ்ட்ரோ: தமிழில் 'வழங்கல்'

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து, பெங்களூரில் பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்கள். கணினி நன்றாகத்தான் ஓடுகிறது, விண்டோஸ் 11 அதில் ஏறாது, தூக்கிப் போட மனம் வரவில்லை. "அண்ணா, இதுக்கு எந்த லினக்ஸ் வெர்ஷன் போடலாம்?" என்று கேட்கிறார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது உபுண்டுவா, மின்ட்டா, ஃபெடோராவா என்ற தேர்வு. அதற்கு உரிய சொல் டிஸ்ட்ரோ. வெர்ஷன் என்பது வேறு. உபுண்டு 22.04, உபுண்டு 24.04 இரண்டும் ஒரே டிஸ்ட்ரோவின் இரண்டு வெர்ஷன்கள், தமிழில் பதிப்புகள்.

சரி, டிஸ்ட்ரோ என்றால் என்ன? லினக்ஸ் என்ற பெயர் கண்டிப்பாகப் பார்த்தால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலுக்கு மட்டுமே உரியது. நினைவகத்தைப் பங்கிடுவது, வன்தட்டோடும் வைஃபை சில்லோடும் பேசுவது, எந்த நிரலுக்கு எப்போது செயலி (பிராசசர்) நேரம் என்று தீர்மானிப்பது போன்ற அடிமட்ட வேலைகளை அது பார்க்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடிதம்கூடத் தட்ட முடியாது. கோப்பை நகலெடுக்கவும் நகர்த்தவும் சிறு கருவிகள் வேண்டும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த க்னூ திட்டம் இவற்றில் பலவற்றைத் தந்தது. சாளரங்களைக் காட்ட க்னோம், கேடிஇ போன்ற டெஸ்க்டாப் சூழல் வேண்டும். அப்புறம் ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆபீஸ், தமிழ் எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகை. இவற்றை எழுதியவர்கள் வெவ்வேறு நாட்டுக்காரர்கள், வெளிவரும் நாளும் வெவ்வேறு. ஒன்றோடொன்று ஒத்துப்போகும்படி தேர்ந்து, தொகுத்து, சோதித்து, நிறுவும் வசதியோடு ஒரே கட்டாகக் கையில் தருவதுதான் டிஸ்ட்ரோ.

கொடுத்ததோடு வேலை முடிவதும் இல்லை. பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்துப் புதுப்பிப்புகளைத் தொடர்ந்து தருவதும், மென்பொருள் களஞ்சியத்தைப் பராமரிப்பதும் அதன் பொறுப்பு. டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் 12-ஆம் பதிப்பின் களஞ்சியத்தில் மட்டும் 64,000-க்கும் மேற்பட்ட பொதிகள், அதாவது நிறுவத் தயாரான மென்பொருள் கட்டுகள், உண்டு. ஒரு டிஸ்ட்ரோவை எடைபோடும்போது திரையின் அழகைவிட இந்தப் பராமரிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

டிஸ்ட்ரோ, டிஸ்ட்ரிபியூஷன் என்ற ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். அதன் வேர் இலத்தீனில் இருக்கிறது: 'டிஸ்' என்றால் பிரித்து, 'ட்ரிபுவேரே' என்றால் ஒதுக்கிக் கொடுத்தல். லினக்ஸுக்கு முன்பே கணினி உலகில் இச்சொல் புழங்கியது. பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 1978-இல் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்துக்கான மென்பொருள்களைத் தொகுத்துக் காந்தநாடாவில் அனுப்பத் தொடங்கினார். அந்தத் தொகுப்பின் பெயரே பெர்க்லி சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன், சுருக்கமாக பிஎஸ்டி.

லினக்ஸில் டிஸ்ட்ரோக்கள் பெருகியதற்கு ஓர் உரிம மாற்றம் வழிவிட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் கர்னலை வெளியிட்டபோது, அதைப் பிறருக்குக் கொடுப்பதற்குக் காசு வாங்கக் கூடாது, கையாளும் செலவுக்குக்கூட வாங்கக் கூடாது என்று எழுதியிருந்தார். அப்படியானால் நெகிழ்வட்டு வாங்கி, நகலெடுத்து, தபாலில் அனுப்புகிறவர் கைக்காசு போட வேண்டும். 1992 தொடக்கத்தில் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கி, நகலெடுக்கவும் திருத்தவும் காசு வாங்கிக் கொடுக்கவும் இடம் தரும் க்னூ பொது உரிமத்துக்கு மாறினார். அதே காலத்தில் மான்செஸ்டர் கணினி மையத்தில் ஓவன் லெ பிளாங்க் உருவாக்கிய எம்சிசி இன்டரிம் லினக்ஸ் என்ற டிஸ்ட்ரோ வந்தது. அடுத்து எஸ்எல்எஸ் என்ற டிஸ்ட்ரோ. அதன் குறைகளைப் பொறுக்க முடியாமல் 1993 ஆகஸ்டில் இயன் மர்டாக் டெபியனை அறிவித்தார். அதற்குச் சற்று முன்பு, அதே எஸ்எல்எஸ்ஸைத் திருத்திப் பேட்ரிக் வோல்கர்டிங் ஸ்லாக்வேரைத் தந்திருந்தார். இவ்விரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

இனி தமிழுக்கு வருவோம். டிஸ்ட்ரிபியூஷனுக்கு நம்மிடம் சொல் பஞ்சம் கிடையாது. ரேஷன் கடைக்குப் பொது விநியோகத் திட்டம், மின்சாரத்துக்குப் பகிர்மானக் கழகம், புள்ளியியலில் பரவல் என்று துறைக்கு ஒன்று இருக்கிறது. லினக்ஸுக்கு இவை ஏன் பொருந்தவில்லை? பரவல் தானாக நடப்பது. யாரும் எடுத்துக் கொடுப்பது அதில் இல்லை. விநியோகமும் பகிர்மானமும் ஒரு திசையில் போகின்றன. மேலே ஒரு கிடங்கோ மின்நிலையமோ இருக்கும், கீழே பெறுபவர் இருப்பார், அவரோடு முடிந்தது. லினக்ஸில் பெற்றவரும் நகலெடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், திருத்தி வேறு பெயரில் கொடுக்கலாம்.

இப்படி யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் பகிரவும் கூடிய கட்டற்ற மென்பொருள் குறித்துத் தமிழில் எழுதுவோரிடம் நிலைபெற்றிருக்கும் சொல் வழங்கல். எனக்கு இதுவே சரியாகப் படுகிறது. வழங்கு என்ற வினையின் வீச்சைத் திருக்குறளிலேயே பார்க்கலாம். "அதுபொருள் போற்றி வழங்கு நெறி" (477) என்னும்போது அது கொடுத்தல். "வன்சொல் வழங்கு வது" (99) என்னும்போது பயன்படுத்தல். "வளிவழங்கும் மல்லன்மா ஞாலம்" (245) என்னும்போது இயங்குதல், உலவுதல். கொடுப்பது, கொடுத்ததைப் பயன்படுத்துவது, அது கைமாறி உலவுவது என்று ஒரு டிஸ்ட்ரோவின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு வினைக்குள் அடங்கிவிடுகிறது. வழக்கு, வழக்கம் இரண்டும் இதே வேரில் கிளைத்தவைதான்.

பெங்களூரில் இருப்பவர்கள் காதில் இன்னொரு சொல்லும் விழும். கன்னடத்தில் டிஸ்ட்ரிபியூஷனை 'விதரணெ' என்கிறார்கள், இந்தியில் 'விதரண்'. இதே வடசொல் தமிழில் விதரணம் ஆகி, கொடை என்ற பொருளைப் பெற்றது. விவேகம் என்ற பொருளும் அதற்கு உண்டு. அழகான சொல், ஆனால் கணினிக்கு இழுத்து வந்தால் தமிழ் வாசகர் தடுமாறுவார்.

லினக்ஸ் வழங்கல் என்றால் குறுந்தகட்டைக் கையில் கொடுப்பதுதான் என்றிருந்த காலமும் இங்கே உண்டு. இணையம் மெதுவாக நகர்ந்த நாட்களில் பிசி குவெஸ்ட் இதழோடு லினக்ஸ் குறுந்தகடு வந்தது. உபுண்டுவை வெளியிடும் கெனானிக்கல் நிறுவனம், கேட்டவர் வீட்டுக்கே குறுந்தகட்டைத் தபாலில் இலவசமாக அனுப்பியது. 2011-இல் அதை நிறுத்திக்கொண்டது.

சொல்லைப் புழங்கும் முறைக்கு வருகிறேன். பன்மை வழங்கல்கள். ஒன்றிலிருந்து கிளைத்ததை வழிவந்த வழங்கல் எனலாம். டெபியன் வழிவந்தது உபுண்டு (2004), உபுண்டு வழிவந்தது மின்ட் (2006). நம் இந்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. குபுண்டு, சுபுண்டு ஆகியவற்றைத் தனி வழங்கல்களாக எண்ண வேண்டாம். அடித்தளம் உபுண்டுவேதான், டெஸ்க்டாப் சூழல் மட்டும் மாறுகிறது. குபுண்டுவில் கேடிஇ, சுபுண்டுவில் எக்ஸ்எஃப்சிஇ. ஆகவே யாருக்காவது பரிந்துரைக்கும்போது வழங்கல், பதிப்பு, சூழல் மூன்றையும் தனித்தனியே சொல்லுங்கள். பழைய மடிக்கணினிக்கு நான் சொல்வது மின்ட் வழங்கல், அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு, எக்ஸ்எஃப்சிஇ சூழல். 2 ஜிபி நினைவகத்திலேயே ஓடும், 4 ஜிபி இருந்தால் வசதி.