சுளுக்குதான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்

"விளையாடும்போது விழுந்துட்டான் டாக்டர், சுளுக்குதான்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது பிள்ளையின் வயதைத்தான். பக்கவாட்டில் வந்து மோதும் ஒரே அடி, பெரியவருக்கு முழங்கால் ஜவ்வைக் கிழிக்கும். பதினொரு வயதுப் பிள்ளைக்கோ ஜவ்வு தாங்கிக்கொள்ளும், அதற்குச் சற்று மேலே, தொடை எலும்பின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தட்டு விலகிவிடலாம்.

இந்தத் தட்டு இன்னும் எலும்பாக இறுகாத குருத்தெலும்பு. எலும்பு நீளுவதே இங்கேதான். இதற்குள் ஓர் அடுக்கில் செல்கள் உப்பிப் பெருத்திருக்கும், அவற்றைப் பிடித்துவைக்கும் பொருளோ குறைவு, அதனால் பிளவு பெரும்பாலும் அந்த வழியாகத்தான் ஓடும். பெண் பிள்ளைகளுக்கு 13–15, பையன்களுக்கு 15–17 வயதுவாக்கில் தட்டு மூடும்வரை இந்தப் பலவீனம் இருக்கும்.

சிக்கல் என்னவென்றால், குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே படம் சுத்தமாக இருந்தாலும் நான் விரல் நுனியால் அழுத்திப் பார்ப்பேன். மூட்டு இடுக்கில் வலிக்கிறதா, இல்லை இரண்டு விரல் மேலே எலும்பின் மீதே வலிக்கிறதா? எலும்பின் மீது என்றால் கட்டுப் போட்டு அசையாமல் வைத்து, பத்து நாள் கழித்து மறுபடி படம். 'படத்துலதான் ஒண்ணுமில்லையே' என்று அதற்குள் கட்டைப் பிரித்துவிடுவார்கள், அது வேறு கதை.

சரி, விழவே இல்லை, ஆனாலும் வலி என்றால்? வளர்ச்சி வேகமெடுக்கும் மாதங்களில் எலும்பு முந்திக்கொள்ளும், தசை பின்தங்கும். ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் அந்தத் தசை முழங்கால்சில்லுக்குக் கீழே தசைநார் ஒட்டியிருக்கும் இடத்தைப் பிடித்து இழுக்கும், அங்கே புடைப்பு வரும். அது பெரும்பாலும் ஓய்விலேயே அடங்கும். நான் அதிகம் பயப்படுவது மூட்டுப் பரப்பின் அடியில் ரத்த ஓட்டம் குறைந்து, எலும்பு குருத்தெலும்போடு சேர்ந்து தளர்வதற்கு. மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாயே கிடையாது, சேதமானால் எளிதில் ஆறாது. துண்டு அசையாமல் இருக்கும்போதே, தட்டும் மூடாத வயதிலேயே கண்டுபிடித்தால், சில மாதங்கள் விளையாட்டை நிறுத்தினாலே பலருக்குக் கூடிவிடும். மூட்டு அடிக்கடி வீங்குகிறது, நடுவில் பூட்டிக்கொள்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

இரவில் இரண்டு காலும் வலித்து, காலையில் எதுவுமே நடக்காததுபோல் ஓடும் பிள்ளையை நினைத்துப் பெரும்பாலும் கவலை வேண்டாம். ஒரே இடத்தில் வலி, நொண்டல் என்றால் அழைத்து வாருங்கள். அப்புறம் ஒன்று: முழங்கால் வலி என்று நொண்டி வரும் பிள்ளைக்கு இடுப்பு மூட்டையும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே தட்டு நழுவினாலும் வலி முழங்காலில் தெரியலாம்.