மாருதி 800 என்ஜின்: பிரிப்பதற்கு முன் அளந்து பாருங்கள்

"என்ஜின் போய்விட்டது, இறக்கி ரீபோர் போட்டால்தான் சரியாகும்" என்ற தீர்ப்போடு பட்டறை மாறி வரும் மாருதி 800 வண்டிகளில் பலவற்றுக்கு ரீபோர், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போடும் வேலை, தேவைப்படுவதே இல்லை. ஒன்றில் வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பட் இறுகியிருக்கும், இன்னொன்றில் ஹெட் கேஸ்கெட் விட்டிருக்கும், வேறொன்றில் வால்வு சீல் காய்ந்திருக்கும். சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பத்து நிமிடம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இந்த என்ஜினைக் கெடுப்பது தேய்மானத்தைவிடச் சூடுதான். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் பிஸ்டனை மாற்றினால், புதுப் பிஸ்டனும் அதே வழியில்தான் போகும்.

எஃப்8பி என்ற சுசுகி என்ஜின் இது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது இருந்தது. 2014 ஜனவரியில் அந்தக் காரின் உற்பத்தி நிற்கும்வரை இருந்தது. ஆம்னியிலும் இதே என்ஜின்தான். மூன்று சிலிண்டர், 796 சி.சி., போர் (சிலிண்டரின் விட்டம்) 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 72 மி.மீ. பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். ஒரு கேம்ஷாஃப்ட், அதை ஓட்டுவது டைமிங் பெல்ட். சிலிண்டருக்கு இரண்டு வால்வு வீதம் மொத்தம் ஆறு. கம்ப்ரஷன் விகிதம் 8.7. எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) 5000 சுற்றில் 37 குதிரைசக்தி, 2500 சுற்றில் 59 நியூட்டன் மீட்டர் இழுவிசை. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-2. இதே 796 சி.சி.யில் ஆல்ட்டோவுக்கு வந்தது பன்னிரண்டு வால்வு கொண்ட வேறு என்ஜின். கடையில் உதிரிப்பாகம் கேட்கும்போது இந்த வித்தியாசத்தைச் சொல்லாவிட்டால் தவறான கேஸ்கெட் செட் கைக்கு வரும்.

இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட் என்ற அமைப்பை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் விளங்கும். சூடேறும்போது அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இடையில் மாட்டிக்கொண்டிருப்பது ஹெட் கேஸ்கெட். சூடு ஒரு தடவை எல்லை மீறினால் ஹெட் வளைகிறது, கேஸ்கெட் பிடி விடுகிறது.

சூடு ஏறுவதற்கு நாங்கள் அதிகம் பார்க்கும் காரணம் குழாய்த் தண்ணீர். கூலன்ட் விலையை மிச்சம் பிடிக்க ரேடியேட்டரில் ஊற்றும் போர்வெல் தண்ணீர், உள்ளே சுண்ணாம்பாகப் படிந்து குழாய்களை அடைக்கிறது, பிளாக்கில் துருவேற்றுகிறது, ஹெட்டின் தண்ணீர்த் துளைகளை அரிக்கிறது. ஹெட்டைக் கழற்றிப் பார்த்தால் கேஸ்கெட் உட்காரும் விளிம்பு கரையான் அரித்ததுபோல் இருக்கும். அதை வெல்டிங் வைத்து ஃபேஸிங் (சமன்) செய்ய ஆகும் செலவில் பல வருடத்துக்குக் கூலன்ட் வாங்கலாம். கலக்கி விற்கும் கூலன்டை அப்படியே ஊற்றுங்கள். கெட்டியானது என்றால் டப்பாவில் சொன்ன அளவுக்கு டிஸ்டில்டு வாட்டர் சேருங்கள்.

அடுத்தது தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம். நம் ஊர் வெயிலுக்கு அது வேண்டாம் என்று சொல்லிக் கழற்றுகிறார்கள். 82 டிகிரியில் திறக்க வேண்டிய வால்வு அது. இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் என்ஜின் சரியான சூட்டுக்கே வராது. பெட்ரோல் அதிகம் குடிக்கும், எண்ணெயில் ஈரம் தங்கும். நகர நெரிசலில் கொதிக்கும் வண்டி, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிய பிறகும் கொதிக்கத்தான் செய்யும். அங்கே கோளாறு ஃபேனிலோ அதன் ஸ்விட்சிலோ அடைத்த ரேடியேட்டரிலோ இருக்கிறது. ரேடியேட்டர் மூடியையும் யாரும் கண்டுகொள்வதில்லை. அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் முன்கூட்டியே கொதித்து வெளியேறும். தண்ணீர் பம்பைச் சுற்றுவது ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த ஃபேன் பெல்ட். விரலால் அழுத்தினால் அது 6 முதல் 9 மி.மீ. வரை தாழலாம், அதற்கு மேல் கூடாது.

ஹெட் கேஸ்கெட் விட்டதை ஹெட்டைக் கழற்றாமலே கண்டுபிடிக்கலாம். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்தில், தண்ணீர் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல்போல் இறுகினால் கேஸ்கெட் மீது சந்தேகம் வரவேண்டும். குளிர்ந்த என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் விடாமல் குமிழி வரும். மூன்று பிளக்கில் ஒன்று மட்டும் கழுவி விட்டதுபோல் வெளுத்திருக்கும். எண்ணெய் மூடியின் அடியில் பால் நிறப் படிவு இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தினம் இரண்டு கி.மீ. மட்டும் ஓடும் வண்டியில் வெறும் ஈரத்தாலேயே அது வரும்.

கழற்றிய ஹெட்டின் மேல் நேர் விளிம்புக் கோலை வைத்து, 0.05 மி.மீ. ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எங்கே நுழைகிறது என்று பாருங்கள். நுழைந்தால் லேத்துக்கு அனுப்ப வேண்டும். மாட்டும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாக, கடைசியில் 5.5 முதல் 6 கிலோகிராம்-மீட்டர் டார்க் (முறுக்குவிசை) வரும்வரை இறுக்க வேண்டும். கை அனுபவமே போதும் என்று டார்க் ரெஞ்ச் இல்லாமல் இறுக்கிய ஹெட் சில மாதத்தில் திரும்பி வருவதைப் பார்க்கிறோம்.

டேப்பட் விஷயத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. 'டிக் டிக்' சத்தம் கேட்டால் பயப்படுகிறார்கள், சத்தமே இல்லாவிட்டால் நிம்மதியாக இருக்கிறார்கள். உண்மையில் இடைவெளி குறைந்த, சத்தமில்லாத டேப்பட்தான் ஆபத்தானது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைச் சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. இடைவெளி இல்லாமல் போனால் அது முழுதாக உட்காராது. எரியும் வாயு விளிம்பு வழியே கசிந்து வால்வையே எரித்துவிடும். எல்.பி.ஜி.யில் ஓடும் ஆம்னிகளில் சீட் சீக்கிரம் தேய்ந்து வால்வு மேலே ஏறுவதால், இந்த இடைவெளி தானாகவே மூடிக்கொண்டு வரும். சத்தம் வரவில்லையே என்று விட்டுவிட்டால் ஒருநாள் ஒரு சிலிண்டர் நின்றுவிடும்.

குளிர்ந்த என்ஜினில் டேப்பட் இடைவெளி 0.13 முதல் 0.18 மி.மீ., சூடான என்ஜினில் 0.23 முதல் 0.28 மி.மீ. எந்த நிலையில் அளக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இரண்டும்கெட்டான் சூட்டில் வைக்கும் அளவு பயனில்லை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுச் சுற்றி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை கம்ப்ரஷன் முடிவில் மேலே கொண்டுவந்து நிறுத்துங்கள். அதன் இரண்டு வால்வையும் வைத்த பின் கிராங்கை 240 டிகிரி சுற்றினால் மூன்றாவது சிலிண்டர், இன்னொரு 240 டிகிரி சுற்றினால் இரண்டாவது. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் சேர்ந்து திரும்பும் என்பதால், இறுக்கிய பிறகு ஃபில்லரை மறுபடி விட்டுப் பாருங்கள். பெட்ரோல் வண்டியில் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை பார்த்தால் போதும், எல்.பி.ஜி. என்றால் 5,000.

இனி ரீபோர் கேள்வி. என்ஜினைச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு பிளக் துளையிலும் கம்ப்ரஷன் கேஜை வைத்து, ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு ஸ்டார்ட்டரில் சுற்றுங்கள். அதிகமான சிலிண்டருக்கும் குறைவான சிலிண்டருக்கும் வித்தியாசம் ஒரு கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அதற்குள் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. ஏறாவிட்டால் வால்வுதான், ஹெட் வேலையோடு முடியும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிலிண்டர் ஒன்றாகக் குறைந்திருந்தால், நடுவில் கேஸ்கெட் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50 மி.மீ. என்று இரண்டே படி. தேவையில்லாமல் ஒரு படியை வீணாக்கினால் பிளாக்கின் ஆயுளில் பாதி போகிறது.

புகையும் வழி சொல்லும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். ஓட ஓட, ஏற்றத்தில் மிதிக்கும்போதெல்லாம் வந்தால் ரிங்.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் இப்போது கூடுதலாகக் கவனிக்க வேண்டியது எத்தனால். பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். ஒரு பங்கு பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். இந்தக் கலவைக்கு 13.5 அளவில் வருகிறது. எம்.பி.எஃப்.ஐ. வண்டி ஆக்ஸிஜன் சென்சாரைப் பார்த்து ஓரளவு திருத்திக்கொள்ளும். கார்புரேட்டர் ஜெட்டுக்கு அந்த அறிவு கிடையாது. கலவை மெலிந்து பிக்கப்பில் தடுமாறும், எக்ஸாஸ்ட் பக்கம் சூடு ஏறும். ஐட்லிங் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருப்பினால் ஐட்லிங் மட்டும்தான் சரியாகும். வேகத்தில் மெலிவது தெரிந்தால் மெயின் ஜெட்டை ஒரு படி பெரிதாக்க வேண்டியிருக்கும்.

எத்தனால் பழைய ரப்பரையும் கெடுக்கும். ஹோஸ், ஃப்ளோட் நீடில், ஏ.சி. பம்பின் (கார்புரேட்டருக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்) டயஃப்ரம் மூன்றையும் பாருங்கள். டயஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் என்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு கூடிக்கொண்டே போய் பெட்ரோல் வாடை வந்தால் வண்டியை ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும். மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் கார்புரேட்டர் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் ஐட்லிங் ஏறி இறங்கினால் முதலில் த்ராட்டில் பாடியையும் ஐட்லிங் வால்வையும் சுத்தம் செய்து பாருங்கள். சென்சாரை மாற்றுவது பிறகு. டேங்க்கில் எப்போதும் கால் பங்காவது பெட்ரோல் இருக்கட்டும். உள்ளே இருக்கும் பம்ப் பெட்ரோலில்தான் குளிர்கிறது.

ஐட்லிங்கில் ஸ்டீயரிங் கொஞ்சம் அதிர்வது மூன்று சிலிண்டரின் இயல்பு. திடீரென்று அதிகமானால் மவுன்டிங் ரப்பரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

பழைய வண்டி வாங்குபவர்கள் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, டென்ஷனரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். அப்போதே கேம்ஷாஃப்ட் சீல், முன்பக்க கிராங்க் சீல் இரண்டையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அங்கே கசியும் எண்ணெய் புது பெல்ட்டையும் ஊறவைத்துப் பல்லை உதிர்த்துவிடும். அந்த இரண்டு சீலுக்காக அதே கவரை இன்னொரு முறை கழற்றினால் கூலி இரட்டிப்பு.