மெலனோமா: சொல்லும் மச்சமும் மரபணுவும்

பயாப்ஸி அறிக்கைகளில் காணப்படும் 'மெலனோமா' என்ற சொல், கறுப்பைக் குறிக்கும் 'மெலாஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் அடியோடு, வீக்கம் அல்லது கட்டி என்று பொருள்படும் 'ஓமா' என்ற ஈறு சேர்ந்து உருவானது. அப்படியே தமிழாக்கினால் 'கருங்கட்டி' என்றாகும். ஆனால் இன்று அச்சொல் குறிப்பது, தோலுக்கு நிறமளிக்கும் மெலனின் என்ற கருநிறமியை உண்டாக்கும் மெலனோசைட் செல்களில் தோன்றும் புற்றுநோயை. இந்நோய் கட்டியாகத் திரளாமல் தோலோடு தோலாகத் தட்டையாகப் படர்வதுண்டு. கறுப்பே இல்லாமல் இளஞ்சிவப்பாக இருந்து மருத்துவரையே ஏமாற்றுவதும் உண்டு. ஆகவே மூலச் சொல்லின் இரு பகுதிகளுமே நோயோடு முழுமையாகப் பொருந்தவில்லை.

ஸ்டெதாஸ்கோப்பைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெனெக், 1804இல் இந்நோயை 'மெலனோஸ்' என்ற பெயரில் தனி நோயாக விவரித்தார். 'மெலனோமா' என்ற வடிவத்தை 1838இல் வழங்கியவர் ஸ்காட்லாந்து நோயியலாளர் ராபர்ட் கார்ஸ்வெல். 'ஓமா' என்ற ஈற்றுக்குப் புற்று என்ற பொருள் கிடையாது. 'லிப்போமா' என்பது தீங்கற்ற கொழுப்புக் கட்டிதான். இந்த ஈறு நெடுங்காலம் குழப்பம் விளைவித்தது. 1948இல் சோபி ஸ்பிட்ஸ் என்ற நோயியலாளர் குழந்தைகளிடம் காணப்படும் ஒரு வகை மெலனோமாவை விவரித்தார். அது பெரும்பாலும் தீங்கற்றது என்று தெளிவான பிறகு, 'ஸ்பிட்ஸ் நீவஸ்' என்று மச்சத்தின் கணக்கில் சேர்க்கப்பட்டது. 'தீய மெலனோமா' என்று அடைமொழியிட்டு எழுதும் வழக்கம் இருந்ததற்கும் இக்குழப்பமே காரணம். இன்று மெலனோமா என்றாலே புற்றுதான் என்பதால் அந்த அடைமொழி மிகை.

மச்சத்துக்கு மருத்துவம் வழங்கும் 'நீவஸ்' என்ற பெயர், பிறவிக்குறி என்று பொருள்படும் லத்தீன் சொல். பிறத்தலைக் குறிக்கும் வேரோடு அதை இணைத்துச் சொல்வது வழக்கம். இங்கும் சொல் உண்மையிலிருந்து விலகி நிற்கிறது: பிறக்கும்போதே மச்சத்தோடு பிறக்கும் குழந்தைகள் ஏறத்தாழ நூற்றில் ஒன்றுதான், மற்ற மச்சங்கள் எல்லாம் குழந்தைப் பருவத்திலும் இளமையிலும் ஒவ்வொன்றாகத் தோன்றுபவை.

தமிழில் இதற்குரிய பழைய சொல் 'மறு'. 'மதிக்கண் மறுப்போல்' என்றும், 'மறுவுண்டோ மாதர் முகத்து' என்றும் திருக்குறள் நிலவின் களங்கத்துக்கு இச்சொல்லை ஆள்கிறது. மலையாளத்தில் இன்றும் மச்சத்தின் பெயர் 'மறுகு'. தமிழ்ப் பேச்சு வழக்கிலோ 'மச்சம்' அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தெலுங்கின் 'மச்ச', கன்னடத்தின் 'மச்செ' ஆகியவை இதன் உறவுகள். மீனைக் குறிக்கும் மச்சம் 'மத்ஸ்ய' என்ற வடசொல்லிலிருந்து வந்த வேறு சொல். பள்ளிச் சான்றிதழில் அங்க அடையாளமாக 'இடது கன்னத்தில் ஒரு மச்சம்' என்று எழுதிக் கொடுத்தவர்களும், அதிர்ஷ்டசாலியை 'மச்சக்காரன்' என்று அழைப்பவர்களும் இருக்கும் ஊரில், 'மறு' என்ற சொல்லை மருத்துவ எழுத்தில் மீண்டும் புகுத்துவது வீண் வேலை என்பது என் கருத்து. அதோடு ஓர் ஆபத்தும் உண்டு. இடையின ரகரம் இட்ட 'மரு' என்பது வைரஸ் தொற்றால் வரும், சொரசொரப்பான வேறொரு வளர்ச்சி. ஓர் எழுத்துப் பிழையில் மச்சம் தொற்றுநோயாகிவிடும்.

மச்சத்துக்கும் மெலனோமாவுக்கும் உள்ள மரபுத் தொடர்பை முதலில் எழுதியவர்களுள் ஒருவர், இங்கிலாந்தின் ஸ்டவர்பிரிட்ஜ் ஊரைச் சேர்ந்த வில்லியம் நோரிஸ் என்ற பொது மருத்துவர். 1820இல் அவர் பதிவு செய்த 59 வயது நோயாளிக்கு வயிற்றிலிருந்த ஒரு மச்சத்தில் நோய் தொடங்கியிருந்தது. தந்தையும் அதே போன்ற நோயால் இறந்திருந்தார். குடும்பத்தில் பலருக்கு உடலெங்கும் மச்சங்கள். இது பரம்பரையாக வருவது என்று நோரிஸ் கருதினார். மெண்டலின் பட்டாணி ஆய்வு வெளிவருவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய கருத்து இது.

இங்கே 'மரபணு மாற்றம்' என்ற தொடரை இரண்டாகப் பிரித்துக்கொள்ளாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'சடுதி மாற்றம்' என்றும் இலங்கைப் பாடநூல்கள் 'விகாரம்' என்றும் சொல்லும் அந்த மாற்றம், பெற்றோரிடமிருந்து உடலின் எல்லாச் செல்களுக்கும் வந்ததாக இருக்கலாம். வாழ்நாளில் ஏதோ ஒரு செல்லில் மட்டும் நிகழ்ந்ததாகவும் இருக்கலாம். முன்னதைக் 'கருவழி மாற்றம்' என்றும் பின்னதை 'உடல்வழி மாற்றம்' என்றும் சொல்லலாம்.

சாதாரண மச்சம் உடல்வழி மாற்றத்தின் விளைவு. ஒரே ஒரு மெலனோசைட்டில் 'பிராஃப்' என்ற மரபணுவின் வேதி எழுத்துகளில் ஒன்று மாறிவிடுகிறது: தைமின் இருக்க வேண்டிய இடத்தில் அடினின் வந்துவிடுகிறது. அதனால் அம்மரபணு உண்டாக்கும் புரதத்தின் 600ஆவது இடத்தில் வாலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் குளூட்டமிக் அமிலம் வந்து அமர்கிறது. 'பெருகு' என்ற கட்டளை ஓயாமல் ஒலிக்கத் தொடங்குகிறது. செல் பெருகுகிறது, சில மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. பொது மச்சங்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இந்த மாற்றத்தைச் சுமக்கின்றன. வியப்பு என்னவென்றால், மெலனோமாக்களில் சுமார் பாதியிலும் இதே மாற்றம்தான் இருக்கிறது. பெருகத் தூண்டும் இந்த மாற்றம் மட்டும் புற்றுக்குப் போதாது. நிறுத்தும் ஏற்பாடுகளும் பழுதாக வேண்டும்.

நிறுத்தும் ஏற்பாடுகளில் முக்கியமானது 'பி16' என்ற புரதம். அதை உண்டாக்கும் 'சிடிகேஎன்2ஏ' மரபணு ஒன்பதாம் குரோமோசோமின் குட்டைக் கரத்தில் இருக்கிறது. மெலனோமா பலருக்கு வந்துள்ள குடும்பங்களில் ஏறத்தாழ 20 முதல் 40 விழுக்காட்டில் இந்த மரபணுவில் கருவழி மாற்றம் காணப்படுகிறது. நெதர்லாந்தின் லெய்டன் பகுதிக் குடும்பங்களில் தலைமுறைகளாக வருவது இதில் 19 எழுத்துகள் விடுபட்ட வடிவம்; அவர்களுக்குக் கணையப் புற்றின் ஆபத்தும் கூடுதல். நோரிஸ் பார்த்த குடும்பத்தில் எது இருந்திருக்கும் என்று இன்று சொல்ல வழியில்லை என்றாலும், அவர் வரைந்த சித்திரம் இத்தகைய குடும்பங்களுடையதைப் பெரிதும் ஒத்திருக்கிறது.

ஆகவே 'அம்மாவுக்கு இதே இடத்தில் மச்சம், எனக்கும் வந்திருக்கிறது' என்பவருக்கு வந்திருப்பது அந்த மச்சத்தின் பிராஃப் மாற்றம் அன்று. மச்சங்கள் எத்தனை தோன்றும் என்ற போக்குதான் பெருமளவு மரபுவழி வருகிறது. ஒரே கருவில் உருவான இரட்டையர்களின் மச்ச எண்ணிக்கை மற்ற இரட்டையர்களுடையதைவிட மிக நெருக்கமாக ஒத்திருப்பது இதற்குச் சான்று. எண்ணிக்கைக்குப் பொருளும் உண்டு: வெள்ளைத் தோல் மக்களிடையே செய்த ஆய்வுகளின் தொகுப்பில், நூறுக்கு மேல் மச்சம் உள்ளவர்களுக்கு, பதினைந்துக்கும் குறைவாக உள்ளவர்களைவிட மெலனோமா ஆபத்து சுமார் ஏழு மடங்கு. ஆனால் குறிப்பிட்ட ஒரு மச்சம் புற்றாக மாறும் வாய்ப்பு, நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களிடம் ஆண்டுக்கு இரண்டு லட்சத்தில் ஒன்று அல்லது அதற்கும் குறைவு என்று கணக்கிடப்பட்டுள்ளது. மெலனோமாக்களில் பத்தில் மூன்றளவுதான் ஏற்கெனவே இருந்த மச்சத்திலிருந்து எழுகின்றன. மற்றவை வெறும் தோலில் புதிதாகத் தோன்றுகின்றன. இதனால்தான் எல்லா மச்சங்களையும் அகற்றிவிட்டால் தீர்ந்தது என்ற யோசனை பயனற்றது.

இனி, தமிழ்ப் பெயர். 'கரும்புற்று' என்ற ஆக்கம், கட்டி என்று மழுப்பாமல் புற்று என்றே சொல்வதால் கிரேக்கத்தைவிட மேலானது. ஆனால் அவசரமாகப் படிப்பவர் கண்ணில் 'கரும்பு' முதலில் படும் என்ற சிறு சங்கடம் இருக்கிறது. நிறமற்ற மெலனோமாவுக்கு அது முரணாகவும் ஒலிக்கும். செல்லின் மூலத்தைச் சுட்டும் 'கருநிறமிப் புற்று' எனக்குச் சரியாகப் படுகிறது. மருத்துவரிடம் பேசும்போது மெலனோமா என்றே சொன்னால் போதும்.

கருந்தோல் மக்களிடம் மெலனோமா அரிது; வரும்போது அதில் பெரும் பங்கு உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருகிறது. 'நுனி' என்று பொருள்படும் கிரேக்க அடியிலிருந்து இவ்வகைக்கு 'அக்ரல்' என்று பெயர்; 'முனைக் கருநிறமிப் புற்று' எனலாம். ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தடியில் கண்டறியப்பட்டது இதுவே; 1981இல் 36 வயதில் அவர் இறந்தார். இவ்வகைக்கு வெயில் முதன்மைக் காரணமன்று. பிராஃப் மாற்றமும் இதில் குறைவு. சிலவற்றில் 'கிட்' என்ற மரபணு மாறியிருக்கிறது. நம்மவர்களின் பல நகங்களில் இயல்பாகவே கருங்கோடுகள் இருப்பதால், கவனிக்க வேண்டியது ஒரே நகத்தில் புதிதாகத் தோன்றி அகன்றுகொண்டே போகும் கோட்டையும், நகத்தைத் தாண்டி அதன் அடித்தோலிலும் படரும் கறுப்பையும்தான்.